விடுதிக் கூரை பெயர்ந்து விழுந்தது: பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் பொறியியல் படிக்கிறாள். கல்லூரி வேறு மாவட்டத்தில் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, விடுதி அறையின் கூரைக் காரை பெயர்ந்து அவள் கட்டில்மேல் விழுந்தது. வலது மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலும்பு முறிவு. தனியார் மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இதுவரை 3.8 லட்சம் செலவு. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஒரு செமஸ்டர் போய்விட்டது. கூரையில் ஓதம் இருக்கிறது, கம்பி தெரிகிறது என்று பெண்கள் புகார் நோட்டில் முன்பே எழுதியிருக்கிறார்கள். நிர்வாகம் 50,000 ரூபாய் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. நாங்கள் இன்னும் போடவில்லை. விடுதியில் சேரும்போது 'எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அலுவலகத்தில் கேட்டால், "அரசாங்கத்து மேல கேஸ் நிக்காதும்மா" என்கிறார்கள். ஒரு வக்கீல் நுகர்வோர் கோர்ட் என்கிறார், இன்னொருவர் ஹைகோர்ட் என்கிறார். பத்து மாதம் ஆகிவிட்டது. நான் வழக்குப் போட முடியுமா? எங்கே போடுவது? எவ்வளவு கேட்பது? அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள் என்பதுதான் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அம்மா, வழக்குப் போடலாம். ஆனால் உங்களால் முடியாது, உங்கள் மகளால் முடியும். அவருக்கு 18 முடிந்துவிட்டதால் வாதி அவர்தான். வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், பிராது (வழக்கு மனு) அவர் பெயரில் போக வேண்டும். மருத்துவமனைப் பில்கள் உங்கள் பெயரிலோ அவருடைய அப்பா பெயரிலோ இருந்தால் நீங்கள் சாட்சியாக வந்து சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது 'பத்து மாதம் ஆகிவிட்டது' என்ற வரியை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்பு, யார்மீது வழக்கு என்பது தெளிவாக வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அலுவலகத்தில் சொன்ன அந்த வசனத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1947-ல் மீரட்டில் போலீஸார் ஒரு நகை வியாபாரியிடம் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். அதைப் பாதுகாக்க வேண்டிய தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது இதைத்தான். கைது, பறிமுதல் போன்ற இறையாண்மை அதிகாரத்தைச் செலுத்தும்போது நடந்த கவனக்குறைவுக்கு அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் வீச்சை உச்ச நீதிமன்றமே பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1962-ல், ராஜஸ்தானில் ஆட்சியருக்கான ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில் அரசு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. விடுதி நடத்துவதும் கூரை பூசுவதும் எந்தக் கணக்கிலும் இறையாண்மைச் செயல் ஆகாது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் என்பது அரசாங்கமே அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 1978-ம் ஆண்டுச் சட்டம், பாரதியாருக்கும் பாரதிதாசனுக்கும் 1981, மனோன்மணியம் சுந்தரனாருக்கு 1990 என்று ஒவ்வொன்றும் தனிச் சட்டத்தால் பிறந்த தனி அமைப்பு. அந்தச் சட்டங்களின் தொடக்கத்திலேயே, இது தன் பெயரில் வழக்குத் தொடரலாம், இதன்மீதும் அதே பெயரில் வழக்குத் தொடரலாம் என்று எழுதியிருக்கும். ஆகவே பிராதில் பிரதிவாதி 'இன்ன பல்கலைக்கழகம், அதன் பதிவாளர் மூலமாக' என்று வரும். துணைவேந்தரைச் சேர்க்க வேண்டாம். வார்டன், டீன் என்று கோபத்தில் எல்லோர் பெயரையும் போடாதீர்கள். ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் பொறுப்பு. பணமும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நீங்கள் சரிபார்க்க வேண்டிய ஒன்று. 'பல்கலைக்கழகத்தின் கல்லூரி' என்று எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி என்றால் மேலே சொன்னது பொருந்தும். அரசு நடத்தும் கல்லூரியாக இருந்து, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் மட்டும் கொடுக்கிறது என்றால், அந்த விடுதியின் கூரைக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல. பிரதிவாதி தமிழ்நாடு அரசு. தனியார் கல்லூரி என்றால் அதை நடத்தும் அறக்கட்டளை. பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயரைப் பார்த்து வழக்குப் போட்டு, இரண்டு வருடம் கழித்து 'தவறான பிரதிவாதி' என்று தள்ளுபடி ஆவது நடக்கிற விஷயம். விடுதிக் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். பணத்தை வாங்கியவர் யார், கட்டடம் யாருடையது, பராமரிப்பது பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் அலுவலகமா, பொதுப்பணித் துறையா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எதிர்த்தரப்பு யார் என்பது தெரிந்துவிடும்.

சரி, பத்து மாத விஷயம். உடல் காயத்துக்குக் கவனக்குறைவு என்று இழப்பீடு கேட்கும் வழக்குக்கு 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் தனியாகக் கெடு எதுவும் எழுதப்படவில்லை. அதனால் எதிலும் அடங்காத வழக்குகளுக்கான, அதன் அட்டவணையின் 113-வது இனம் பொருந்தும். கெடு 3 ஆண்டு. பெரும்பாலான வக்கீல்கள் இதைத்தான் சொல்வார்கள், தவறில்லை. ஆனால் அதே அட்டவணையில் 72-வது இனம் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ, செய்யாமல் விட்டதற்கோ இழப்பீடு கேட்டால் கெடு ஓராண்டுதான் என்கிறது அது. பல்கலைக்கழகத்தின் வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? "விடுதியை நாங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தின்படிதான் நடத்துகிறோம், பராமரிக்காமல் விட்டதும் அந்தச் சட்டக் கடமையில் விட்டதுதான், ஆகவே ஓராண்டு." சாதாரணக் கட்டடப் பராமரிப்புக்கு இது பொருந்தாது என்று நாம் வாதாடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும்போது அந்த வாதத்துக்கே ஏன் இடம் கொடுக்க வேண்டும்? விபத்து நடந்து 12 மாதம் முடிவதற்குள் பிராதைத் தாக்கல் செய்துவிடுங்கள். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்கையே தாமதமாகப் போட்டால் மன்னிக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, நோட்டீஸ். அரசுமீது வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கெடுவில் கழித்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. பலர் பழக்க தோஷத்தில் பல்கலைக்கழகத்துக்கும் அதே நோட்டீஸை அனுப்பிவிட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பார்கள். பல்கலைக்கழகம் அரசு அல்ல என்பதால் அந்த நோட்டீஸ் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத நோட்டீஸுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துத் தர மாட்டார்கள். உங்கள் நிலைமையில் அந்த இரண்டு மாதம்தான் கையில் இருக்கும் மொத்த நேரம்.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கு 15 நாள் கெடு வைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ், விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்து பிராது. பொதுப்பணித் துறையும் இதில் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், இன்றே அரசுக்கு 80-வது பிரிவு நோட்டீஸையும் தனியாக அனுப்பி வையுங்கள். இரண்டு மாதம் முடிந்ததும் அரசையும் சேர்க்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் சேர்க்கப்படும் பிரதிவாதியைப் பொறுத்தவரை, அவரைச் சேர்த்த நாள்தான் வழக்குத் தொடுத்த நாளாகக் கணக்காகும்.

எந்தக் கோர்ட் என்பதில் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டுமே எனக்கு உவப்பில்லை. நுகர்வோர் ஆணையம் செலவு குறைவு, நடைமுறை எளிது, உண்மைதான். ஆனால் கல்வி ஒரு விற்பனைச் சரக்கு அல்ல, பல்கலைக்கழகம் சேவை விற்பவர் அல்ல என்று 2010-ல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலா, நீச்சல் போன்ற பாடம் சாராத நடவடிக்கைகளில் நேர்ந்த குறைபாடுகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. விடுதி என்பது தங்கும் சேவை, படிப்பு வேறு என்று பிரித்து வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க உங்கள் மகளின் வழக்கைப் பயன்படுத்த நான் சொல்ல மாட்டேன். தோற்றால் அங்கே போன காலத்தைக் கழித்துத் தரும்படி சிவில் கோர்ட்டில் கேட்கலாம். அது கேட்டவுடன் கிடைத்துவிடும் சலுகை அல்ல.

ஹைகோர்ட் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புகளுக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனு, வேறு மாதிரி. அரசமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் நேரடியாக இழப்பீடு கொடுத்திருக்கிறது. 1995-ல் பியாஸ் ஆற்றில் பள்ளிச் சுற்றுலா போன 14 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். ஆளுக்கு 5 லட்சம் தரச் சொன்ன உத்தரவை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆற்றில் 2014-ல் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டபோது, இமாச்சல் உயர் நீதிமன்றம் பொறுப்பை மின்வாரியத்துக்கு 60, கல்லூரிக்கு 30, மாநில அரசுக்கு 10 சதவீதம் என்று பங்கிட்டது. இந்த வழக்குகளில் என்ன நடந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. தகராறு இருந்தால் கதை மாறிவிடும். 2000-ல் தமிழ்நாடு மின்வாரியம் சம்பந்தப்பட்ட மின்கசிவு மரண வழக்கில், யார் தவறு என்பதே விவாதத்தில் இருக்கும்போது சாட்சி விசாரிக்காமல் ரிட்டில் தீர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத்தின் எதிர் மனுவில் 'மாணவி கட்டிலை நகர்த்தினார்' என்று ஒரு வரி இருந்தால் போதும், "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். விபத்து பற்றி அவர்களே விசாரணைக் குழு போட்டு, பராமரிப்புக் குறைபாடு என்று அறிக்கை வாங்கியிருந்தால் மட்டும் ரிட் பற்றி யோசிக்கலாம். அந்த அறிக்கை இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆகவே சிவில் வழக்கு. அதுவும் தென்காசியில் அல்ல. உடலுக்கு நேர்ந்த தீங்குக்கான வழக்கை, தீங்கு நடந்த இடத்திலோ பிரதிவாதி இருக்கும் இடத்திலோதான் போட முடியும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-வது பிரிவு. கல்லூரி இருக்கும் ஊர், அல்லது பல்கலைக்கழகத் தலைமையிடம். அலைச்சல்தான். இரண்டில் உங்கள் ஊரிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.

கோர்ட் கட்டணம் பற்றி யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 2017 வரை 7.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. இப்போது 3 சதவீதம். 15 லட்சம் கேட்டால் 45,000 ரூபாய். ஆனால் 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்கள் மகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் அந்த உதவிக்குள் வரும். கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மகள் பெயரில் மனு கொடுக்க வேண்டும். 'இலவசம் என்றால் தரம் இருக்காது' என்று பலர் அங்கே போவதில்லை. கெட்டிக்கார இளம் வக்கீல்கள் அந்தப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி நிரூபணம். கூரை விழுந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை, அது அவர்களே மறுக்க முடியாத விஷயம். அது கவனக்குறைவால் விழுந்தது என்பதைத்தான் காட்ட வேண்டும். இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு பழைய வழக்கு உண்டு. டெல்லி சாந்தினி சௌக்கில் நகரசபைக்குச் சொந்தமான கடிகாரக் கோபுரம் 1951-ல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். அந்த வகைச் சாந்தில் கட்டிய கட்டடம் 40, 45 வருடம்தான் தாங்கும். கோபுரத்துக்கு வயது 80. 1966-ல் உச்ச நீதிமன்றம், கட்டடம் முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது, ஒழுங்காகப் பராமரித்தால் கட்டடம் தானாக விழாது, ஆகவே விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, இல்லை என்றால் நீங்கள்தான் விளக்க வேண்டும் என்றது. வெளியே பார்த்தால் விரிசல் தெரியவில்லை என்று சொன்னதையும் ஏற்கவில்லை. உங்கள் வழக்கில் ஓதமும் கம்பியும் வெளியிலேயே தெரிந்தன, எழுத்திலும் போயிருக்கின்றன. சாந்தினி சௌக்கைவிட உங்கள் வழக்கு பலமானது.

அந்தப் பலம் முழுக்க ஒரு புகார் நோட்டில் இருக்கிறது என்பதுதான் பலவீனம். விடுதி நோட்டுகளுக்குத் தொலைந்துபோகும் பழக்கம் உண்டு; வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் இன்னும் சீக்கிரம் தொலையும். வக்கீல் நோட்டீஸிலேயே, இன்னின்ன பதிவேடுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று பட்டியலிட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் தொலைந்தால் அதையே நீதிபதியிடம் அவர்களுக்கு எதிராகச் சொல்லலாம்.

அதே நாளில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 'ஏன் கூரையைச் சரிசெய்யவில்லை?' என்று கேட்டால் பதில் வராது; 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். நகல்களைக் கேளுங்கள். விபத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் புகார்ப் பதிவேடு, வார்டன் எஸ்டேட் அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள், கட்டடத்தின் வயதும் உறுதித்தன்மைச் சான்றும், பராமரிப்பு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணி ஆணை, விபத்து பற்றிய விசாரணை அறிக்கை, விபத்துக்குப் பின் அந்த அறையில் செய்த வேலையின் மதிப்பீடும், செய்த வேலையை அளந்து குறிக்கும் எம்-புக் பக்கங்களும். கடைசியாகச் சொன்னதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். என்ன அளவுக்குக் காரையைக் கொத்தி எடுத்தார்கள், எத்தனை கம்பிக்கு வேலை பார்த்தார்கள் என்று பொறியாளர் கையெழுத்தோடு அதில் இருக்கும். கூரை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலுக்காகப் பிராதை நிறுத்தி வைக்காதீர்கள். வழக்குத் தொடுத்த பிறகு கோர்ட் மூலமாகவும் ஆவணங்களை வரவழைக்கலாம்.

அறைத் தோழிகள் விபத்தன்று எடுத்த படங்கள் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது, எடுத்தவரின் போனில் இருக்கும் அசல் வேண்டும். அதோடு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டும். பழைய 65-பி என்றால் வக்கீலுக்குப் புரியும். வார்டன் வாட்ஸ்அப் குழுவில் 'ரூம் மாத்தித் தர்றோம்' என்று போட்ட செய்தி இருந்தால் அது தங்கம். தோழிகளின் சொந்த ஊர் முகவரியை இப்போதே வாங்கி வையுங்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர்கள் பெங்களூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார்கள்.

மருத்துவமனையில் அன்று இரவு ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) போட்டிருப்பார்கள். 'விடுதிக் கூரை விழுந்து' என்று எழுதியிருக்கிறதா, 'வழுக்கி விழுந்து' என்று இருக்கிறதா பாருங்கள். கூட வந்த ஊழியர் என்ன சொல்லிச் சேர்த்தார் என்பதைப் பொறுத்தது அது. தவறாக இருந்தால் பதற வேண்டாம், ஆனால் உங்கள் வக்கீலுக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும். போலீஸ் புகார் இல்லாதது சிவில் வழக்குக்குத் தடையல்ல. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் புகார் கொடுக்க இன்னும் காலம் இருக்கிறது. அது தேவையா என்பதை மகள் முடிவு செய்யட்டும். என் பார்வையில் இழப்பீட்டுக்கு அது பெரிதாக உதவாது.

அவர்கள் சொல்லப்போகும் பதில்களை இப்போதே ஊகிக்கலாம். கனமழை, தெய்வச் செயல் என்பார்கள்; தமிழ்நாட்டில் ஐப்பசியில் மழை பெய்வது யாரும் எதிர்பார்க்காத விஷயம் அல்ல. அரசு நிதி ஒதுக்கவில்லை என்பார்கள். பணம் இல்லை என்று சொல்லிச் சட்டக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-ல் ரட்லாம் நகராட்சி வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டுவார்கள். அச்சடித்துக் கொடுத்து, கையெழுத்துப் போடாவிட்டால் அறை இல்லை என்று வாங்கிய உறுதிமொழி அது. பேரம் பேச இடமில்லாதவரிடம் பொது நிறுவனம் வாங்கும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்து வைப்பார். உண்மையில் கொஞ்சம் கவனிக்க வேண்டியது, 'ஆபத்து தெரிந்தும் அதே இடத்தில் படுத்தார்' என்ற வாதம்தான். பங்குத் தவறு, அதாவது தவறில் ஒரு பங்கு அவருடையது என்று சொல்லி ஒரு சதவீதத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். வேறு அறை கேட்டாரா, கொடுத்தார்களா, கட்டில் நகர்த்தக்கூடியதா என்பதை மகளிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

எவ்வளவு கேட்பது? 3.8 லட்சத்துக்குப் பில் இருக்கிறது. பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் செலவு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். பிசியோதெரபி, போக்குவரத்து, நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டது, போன செமஸ்டர், வலியும் வேதனையும் எல்லாம் தனித்தனித் தலைப்புகள். பெரிய தொகை வருவது, எதிர்கால வருமான இழப்பில். மோட்டார் விபத்து வழக்குகளுக்காக 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த, ஆண்டு வருமானத்தை எந்த வயதுக்கு எத்தனையால் பெருக்குவது என்று காட்டும் பெருக்கு எண் அட்டவணையை மற்ற காய வழக்குகளிலும் ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொள்கிறார்கள். 15 முதல் 25 வயது வரை பெருக்கு எண் 18. ஒரு பேச்சுக்கு, மாதம் 15,000 என்று உத்தேச வருமானம் வைத்து, சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்றால், ஆண்டுக்கு 1,80,000, பெருக்கினால் 32.4 லட்சம், அதில் 20 சதவீதம் 6.48 லட்சம். மருத்துவக் குழு கொடுக்கும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வலது கை விரல் மடங்காதது ஒரு மேலாளரைவிட, லேபிலும் பணிமனையிலும் கை வேலை செய்ய வேண்டிய பொறியாளரை அதிகம் பாதிக்கும். அதைச் சொல்லத்தான் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுச் சான்று வேண்டும். விரல்கள் இனிமேல் தேறாது என்று மருத்துவர் சொல்லும் கட்டத்தில் அதை வாங்கினால் போதும். பிராது போடும்போதே கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. இதையெல்லாம் சேர்த்து 12-லிருந்து 15 லட்சம் கேட்பது நியாயமாகத் தெரிகிறது. 50 லட்சம் கேட்கச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

அந்த 50,000 ரூபாய்த் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்றோ, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்றோ இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் வேண்டும் என்றால் வாங்கலாம். 'மருத்துவச் செலவுக்கு ஒரு பகுதியாக, என் சட்ட உரிமைகளுக்குப் பாதகம் இல்லாமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று மகள் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் பணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். மாணவர் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். செமஸ்டர் கட்டணத்திலேயே பிரீமியம் பிடித்துவிட்டு, க்ளைம் செய்யலாம் என்பதை மாணவரிடம் சொல்லாத இடங்கள் உண்டு.

வழக்கு நடுவில் சமரசம் பேச வந்தால் மறுக்க வேண்டாம். சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்தத் தீர்ப்பின்மீது பல்கலைக்கழகம் மேல்முறையீடு போக முடியாது. அரசு சார்ந்த நிறுவனங்கள் கடைசி வரை மேல்முறையீடு போகும் பழக்கம் உள்ளவை என்பதால், கொஞ்சம் குறைந்த தொகைக்கு இங்கே முடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறார் என்ற பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணிப்பில், நோட்டீஸ் போவது பதிவாளர் அலுவலகத்துக்கு, பாடம் எடுப்பவர்களுக்கு அந்தக் கட்டடத்தோடு சம்பந்தமில்லை. பல ஆசிரியர்கள் உள்ளுக்குள் உங்கள் பக்கம்தான் இருப்பார்கள். ஹால் டிக்கெட்டை நிறுத்துவது, வருகைப் பதிவில் கை வைப்பது என்று ஏதாவது நடந்தால், அதற்குத்தான் ரிட் மனு சரியான வழி, அதுவும் உடனே.

வழக்குக்குக் காத்திருக்காமல் இப்போதே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. வலது கை விரல் மடங்காமல் மூன்று மணி நேரம் தேர்வு எழுதுவது எப்படி? எழுதுபவர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் கூடுதல் நேரம் பெறவும் 40 சதவீத ஊனம் இருந்தால்தான் முடியும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுபவர் வசதியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் சான்று வாங்கி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மகள் பெயரில் ஒரு விண்ணப்பம், நகலில் தபால் பிரிவு முத்திரையோடு. அடுத்த செமஸ்டருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.